ஏழாம் பத்திக்குப் பதில் இல்லை

என் தங்கை குடும்பச் சட்டத்தில் இரண்டு முறை கோட்டை விட்டாள். வரிச் சட்டத்தில் தேறினாள். சொத்துச் சட்டத்தில் வகுப்பிலேயே மூன்றாவதாக வந்தாள். குற்றவியல் சட்டத்தைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனப்பாடம் செய்தாள். எந்தக் குற்றத்துக்கு எத்தனை வருஷம் என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிச் சொல்லித் தேய்ப்பாள். பதினெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள், குடும்பச் சட்டத்தில் மட்டும் குப்புற விழுந்தாள்.

ஏன் விழுந்தாள் என்று எனக்குத் தெரியும். விடைத்தாளைப் பார்த்தேன். 'மணவாழ்வில் கொடுமை என்பதைத் தக்க தீர்ப்புகளுடன் விளக்குக' என்பது கேள்வி. இவள் ஆறு பக்கம் எழுதியிருந்தாள், தீர்ப்பு ஒன்றுகூட இல்லை. காலையில் கேட்ட கேள்விக்கு ராத்திரி வரை ஒருவர் பதில் சொல்லாமல் இருப்பது கொடுமையில் சேருமா சேராதா என்று கேள்வி கேட்ட பேராசிரியையையே திருப்பிக் கேட்டிருந்தாள். அந்த அம்மா சிவப்பு மையில் 'இது விடை இல்லை, புலம்பல்' என்று எழுதி, பக்கத்தில் பெரிய முட்டை போட்டிருந்தார். நான் அந்த அம்மா பக்கம்தான். மூன்றாம் முறை தன் வீட்டை விட்டுவிட்டு ஊரார் வீட்டுக் கொடுமைகளை மட்டும் எழுதி ஐம்பத்திரண்டு வாங்கினாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. எனக்கு ஆறு வயது இளையவள். ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம். கீழே என் தையல் கடை, மேலே அவள் வீடு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நாலு வருஷம் தட்டச்சு செய்தாள். வக்கீல்கள் எழுதிக் கொடுக்கும் மனுவில் தேதி தப்பு, பெயர் தப்பு, சில சமயம் சட்டப் பிரிவே தப்பு என்று கண்டுபிடித்துக் கொண்டுபோய் நீட்டுவாள். ஒருநாள் பெரிய வக்கீல், "டைப் அடிக்கிறதோட நிறுத்திக்கம்மா" என்றாராம். அதை அவள் பதினாறு வருஷம் மனதில் வைத்திருந்து, முப்பத்தேழாவது வயதில் மாலைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லாம் சின்னஞ்சிறுசுகள். முதல் மாதம் ஆன்ட்டி என்றார்கள், இவள் நோட்டைக் கடன் வாங்கத் தொடங்கியதும் மேடம் என்றார்கள்.

அவள் படித்தால் எனக்கென்ன என்று இருந்துவிட முடிந்ததா? குடும்பச் சட்டம் ஆரம்பித்தாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சொந்தக்காரர் அத்தனை பேரும் என் கடைக்கு வந்துவிட்டார்கள். சித்தப்பா மகன் துணி வெட்டும் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, தன் மாமியாரைச் சட்டப்படி எப்படி ஊருக்கு அனுப்புவது என்று கேட்டான். "உன் தங்கச்சிகிட்ட சும்மா கேட்டுச் சொல்லு" என்பான். சும்மா கேட்க வந்தவர்கள் யாரும் சும்மா ஒரு கால்சட்டைகூடத் தைக்கக் கொடுக்கவில்லை.

இனி அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். குறை என்று ஒன்றைக் கையில் பிடித்துக் காட்டவே முடியாது. ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பாக்கலாம்." மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கலாமா? பாக்கலாம். சுவரில் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடலாமா? பாக்கலாம். ஆமாம் என்றால் ஒப்புக்கொண்டதாகிவிடும், இல்லை என்றால் சண்டை வந்துவிடும் என்று நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்து, அதிலேயே பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே பாக்கலாம்தான்.

இந்த வருஷம் அந்த ஒற்றை வார்த்தையில் என் தங்கையின் படிப்பே மாட்டிக்கொண்டது. கடைசி ஆண்டில் மூன்று மாதம் குடும்ப நீதிமன்றத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. போகாவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது. இரண்டு முறை விழுந்ததில் அவளுக்கு அனுமதித்த வருஷங்கள் தீர்ந்துவிட்டன. இந்த முறை விட்டால் சேர்க்கையே ரத்து. பயிற்சிப் படிவத்தைக் கொடுக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி, திங்கட்கிழமை பயிற்சி தொடங்கும். ஆனால் வீட்டில் மாமனார் பக்கவாதம் வந்து ஐந்து வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். பகலில் இவள் பார்த்துக்கொள்கிறாள், சாயங்காலம் புருஷன் வந்ததும் கல்லூரிக்கு ஓடுகிறாள். மூன்று மாதம் பகலில் இவள் வெளியே போக வேண்டுமென்றால் அவர் இரவு ஷிஃப்டுக்கு மாற்றிக் கேட்டுப் பகலில் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் முடிகிற காரியம். அவள் கேட்டாள். பாக்கலாம் என்றார். மறுபடி கேட்டாள். பதினோரு முறை கேட்டாள், ஒவ்வொன்றையும் தேதி போட்டுக் குறித்தும் வைத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் பாத்துக்கிறேன்டி" என்று சொல்லவும் வழியில்லை. பள்ளி திறக்கும் சமயம், முந்நூறு சீருடை வெட்டிக் கிடந்தது.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் மனு விவகாரம் நடந்தது. பேராசிரியை ரெக்கார்டு நோட்டுக்கு எட்டு வரைவுகள் கேட்டிருந்தார்: விவாகரத்து மனு, அதற்கு எதிருரை, ஜீவனாம்சம், குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்று இப்படி. பெயர் வேண்டாம், ஆனால் சம்பவங்கள் நம்பும்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். என் தங்கைக்குக் கற்பனை என்பது கிடையவே கிடையாது. இருப்பதை அச்சுப் பிசகாமல் அடித்துப் பழகியவள். ஆகவே விவாகரத்து மனுவில் தன் கல்யாணத் தேதியையே போட்டாள், தன் வீட்டு விலாசத்தையே போட்டாள், தன் புருஷன் செய்ததையெல்லாம் எண் போட்டுப் பத்தி பத்தியாக அடுக்கினாள். சாட்சிப் பட்டியலில் முதல் ஆள் நான். 'மனுதாரரின் மூத்த சகோதரி, தையல் கடை, கீழ்த்தளம்.' அதோடு விட்டாளா? கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக இருந்தால் அவளுக்குக் கை நமநமக்கும். கையெழுத்தும் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, பறக்காமல் இருக்க மாமனாரின் மாத்திரை டப்பாவை மேலே வைத்துவிட்டு, புருஷன் வந்ததும் நூலகத்துக்குப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை கடை வாசலில் நின்றார். பணிமனைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அக்கா, வேலையா இருக்கீங்களா?"

"பாத்தா தெரியல? என்ன மாப்பிள்ளை?"

"நீங்க சாட்சின்னு போட்டிருக்கு."

தாள்களை வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்திலேயே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"அய்யோ மாப்பிள்ளை, இது காலேஜ் வீட்டுப்பாடம். சும்மா எழுதிப் பழகறது. நிஜம் இல்ல."

"தேதி நிஜம். விலாசம் நிஜம். ஆஸ்பத்திரி ஃபேன் நிஜம்," என்றார். "இதுல எது சும்மாக்கா?"

அந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

தங்கை வந்து சேர்ந்ததும் மூவரும் மேலே போனோம். மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். அவளோ தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கிரீஸ் கறை! மறுபடியும் மொத்தமா டைப் அடிக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அஞ்சாவது பாரா பொய்" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அந்த வெளிச்சத்தைக் கண்டாலே பயம்.

"பொய்யா? அப்போ மறுத்து எழுதிக் குடுங்க. எனக்கும் எதிருரை ஒண்ணு வேணும், எழுத வர மாட்டேங்குது. ஆனா பொத்தாம்பொதுவா எல்லாம் பொய்னு எழுதக் கூடாது. பத்தி பத்தியா பதில் சொல்லணும். எதை மறுக்கலையோ, அதை ஒத்துக்கிட்டதா சட்டம் எடுத்துக்கும்."

"எப்போ குடுக்கணும்?"

"நாளைக்கு."

"வாய்தா வேணும்."

உள்ளேயிருந்து மாமனார் குழறலாகச் சிரித்தார். "இந்தக் கேசுல நான் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

"நீங்க எந்தப் பக்கமும் இல்ல மாமா. நீங்க பராமரிப்புல வருவீங்க" என்றாள். ஒருநாள் வாய்தா கொடுத்தாள். இந்தப் பைத்தியக்கார வீட்டில் பெண்ணைக் கொடுத்தோமா, இல்லை பைத்தியத்தையே நாங்கள்தான் கொடுத்தோமா என்று நினைத்துக்கொண்டு நான் இறங்கி வந்தேன்.

புதன்கிழமை எதிருரை வந்தது. பணிமனையில் ஓட்டுநர்கள் வண்டியின் கோளாறை எழுதிக் கொடுக்கும் அட்டை உண்டு. மெக்கானிக் பார்த்துவிட்டு அதன் கீழே பதில் எழுத வேண்டும். அவருக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். பழைய அட்டைகளின் பின்பக்கத்தில் அதே பாணியில் எழுதியிருந்தார். மாமனார் தன் அறையில்தான் வாசிக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். தங்கை மனுவை வாசித்தாள், அவர் பதிலை வாசித்தார்.

"பத்தி நாலு. எதிர்மனுதாரர் மனுதாரரின் சமையலை ஒருமுறைகூடப் பாராட்டியதில்லை."

"பார்வையிட்டேன். தட்டில் ஒருநாளும் மீதி வைத்ததில்லை. கோளாறு இல்லை."

"பத்தி அஞ்சு. நாலு வருஷத்துக்கு முன் மனுதாரருக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்த அன்று, எதிர்மனுதாரர் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு மணி நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்."

"பொய். மின்விசிறி மனுதாரரின் தலைக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருந்தது. பேரிங் போயிருந்தது. மனுதாரர் அரை மயக்கத்தில் இருந்ததால் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. விழுந்தால் பிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நானே பேரிங் வாங்கிப் போய் மாற்றினேன். சரி செய்யப்பட்டது."

தங்கை அடுத்த பத்திக்குப் போகவில்லை. அவளுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது, கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல நாலு வருஷமும் ஒரு விவாகரத்து மனுவும் வேண்டுமா? "வாயில என்ன பூட்டா மாப்பிள்ளை?" என்று கேட்டேவிட்டேன். சாட்சி குறுக்கே பேசக் கூடாது என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஆறாம் பத்தி, மகளின் பள்ளிக் கூட்டத்துக்கு அவர் ஒருமுறையும் வந்ததில்லை என்பது. "ஒருமுறை வந்தேன். வேறு வகுப்பில் உட்கார்ந்துவிட்டேன்" என்று பதில். எட்டாம் பத்தி, ஷிஃப்ட் மாற்றச் சொல்லிப் பதினோரு முறை கேட்டது. "பத்து முறை. ஒருமுறை நான் தூங்கிவிட்டேன்" என்று பதில்.

"ஆறுக்கு அப்புறம் எட்டு வந்துடுச்சு. ஏழு எங்க?" என்றாள் தங்கை.

"அது இல்ல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. விட்டுட்டேன்."

ஏழாம் பத்தியை எனக்காக அவள் வாசித்துக் காட்டினாள். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் பணிமனைக்குப் போயிருக்கிறாள். உள்ளே யாரோ, உன் வீட்டுக்காரம்மா என்ன செய்றாங்க என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர், 'வீட்லதான் இருக்கா, சும்மாதான்' என்று சொன்னது வாசலில் நின்ற இவள் காதில் விழுந்திருக்கிறது. அப்போது மனுதாரர் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி என்று பத்தி முடிந்தது. இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாளாம்.

"மறுத்திருக்கலாமே" என்றாள்.

"பொய் எழுத வரல."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கேலி பண்ணுவாங்க."

"என்னையா?"

"என்னை" என்றார், அட்டைகளைப் பார்த்துக்கொண்டே. "பொண்டாட்டி கோட்டு போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போறா, நீ வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கறன்னு."

அவள் அழவில்லை. மனுத் தாள்களை ஓரம் ஒட்டத் தட்டி அடுக்கினாள். "ஷிஃப்ட் மாத்திக் கேட்டா காரணம் எழுதணும், இல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். "அதான் வாயத் தொறக்கலையா?"

அவர் தலையாட்டினார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். பாக்கலாம், பாக்கலாம் என்று இத்தனை மாதம் இழுத்தது அப்பாவுக்காக இல்லை, தூக்கத்துக்காக இல்லை, ஷிஃப்ட் படிவத்தில் காரணம் எழுதுகிற ஒரு கட்டத்துக்காக. அந்தக் கட்டத்தில் தன் மனைவி என்ன செய்கிறாள் என்று எழுதக் கூசி, அவளுடைய ஐந்து வருஷத்தைக் கரைக்கப் பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை ரெக்கார்டு நோட்டு திருத்தி வந்தது. மனுவுக்குப் பத்துக்கு ஐந்து: 'சம்பவம் அதிகம், சட்டம் குறைவு.' எதிருரையை இவள் ஒரு வார்த்தை மாற்றாமல் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தாள். அதற்குப் பத்துக்கு எட்டு: 'இயல்பாக உள்ளது.' அதை மாப்பிள்ளை தன் அப்பாவிடம் கொண்டுபோய் இரண்டு முறை காட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு துணி மடித்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, கல்லூரிக்குப் போகத் தயாராகிப் பையோடு என் கடையில் உட்கார்ந்திருந்தாள். பையில் நிரப்பிய படிவம் இருந்தது. அவர் ஒன்றும் செய்யாவிட்டாலும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். திங்கட்கிழமை மாமனாரை யார் பார்ப்பது என்றுதான் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்போது அவர் வேகமாக வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மூன்று மாத இரவு ஷிஃப்ட், மேலாளரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது.

நான் கூவியேவிட்டேன். இரண்டு நாளாக மனதுக்குள் திட்டியதற்காக அவருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துக் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவள் தட்டச்சுக்காரி, தாளை மேலிருந்து கீழ்வரை படிக்காமல் விட மாட்டாள். காரணம் என்ற கட்டத்தில் விரலை வைத்திருந்தாள். 'வயதான தந்தையின் உடல்நிலை' என்று எழுதியிருந்தது.

"மாமா உடம்பு இந்த வாரமா கெட்டுது?"

"ஷிஃப்ட் கெடைச்சிடுச்சுல்ல?"

"கெடைச்சிடுச்சு."

"அப்புறம் என்ன?"

நானும் புத்தி கெட்டுப்போய், "வாங்கிக்கிட்டு ஓடுடி, மணியாகுது" என்றேன்.

அவள் பேனாவை எடுத்தாள். தாளின் அடியில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள். எட்டிப் பார்த்தேன். 'எதிர்ப்புடன் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று இருந்தது.

"இது எதுக்கு?" என்றார் அவர்.

"எனக்கு வேணும், அதனால வாங்கிக்கிறேன். ஆனா இதுவே போதும்னு ஒத்துக்கிட்டு வாங்கல. மிச்சத்தைக் கேக்கற உரிமை எனக்கு இருக்கு. அதுக்குத்தான்."

"எப்போ கேப்ப?"

"கெடைக்கிற வரைக்கும் கேப்பேன்" என்றாள். பையை மாட்டிக்கொண்டு வீதியில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "மிச்சம்னா என்னக்கா?" என்றார். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது, ஜாக்கிரதையாகக் கீழே வைத்தேன்.

"என் பொண்டாட்டி சட்டம் படிக்கிறா. நாலே வார்த்தை மாப்பிள்ளை. அதைச் சொல்ல உங்களுக்கு நாக்கு வலிக்குதா?"

அவர் பதில் சொல்வதற்குள் சீருடை வாங்க ஒரு வாடிக்கையாளர் வந்தார். எதிர்த் தெருவில் டயர் கடை வைத்திருப்பவர், பணிமனைக்குத் தினமும் போய்வருகிற ஆள். "என்ன, உங்க வீட்டம்மா இப்படி ஓடறாங்க? எங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டு, பொத்தான் எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"காலேஜுக்கு" என்றார் மாப்பிள்ளை.

"பொண்ணைப் பாக்கவா?"

"இல்ல. அவ படிக்கிறா. வக்கீலுக்கு."

டயர் கடைக்காரர் சிரித்தார். "இந்த வயசுலயா? அப்போ இனிமே வீட்ல நீங்கதான் குற்றவாளி!"

அவர் பயந்த அதே கேலி, முழுதாக வந்து நின்றது. மாப்பிள்ளைக்குக் காது வரை சிவந்தது. ஆனாலும் நகரவில்லை. "ஆமா, இந்த வயசுலதான்" என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. டயர் கடைக்காரர் சீருடையை வாங்கிக்கொண்டு போனதும், அவர் முக்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்து வருஷமாக ஒருத்தி காத்திருந்த வார்த்தை அது. அதை அவர் ஒருவழியாகச் சொன்ன நேரத்தில், கேட்க வேண்டியவள் பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். என்னவென்று சொல்வது இந்த மனிதரை! அவள் வந்ததும் நான் போய்ச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறார் போல, என் முகத்தையே பார்த்தார். நான் சொல்லப்போவதில்லை. அதையும் அவரே அவளிடம் சொல்லட்டும்.